மதீனாவின் தெருவும் எங்கள் தெருவும்
மாலிக் பத்ரியின் நூலை முன்வைத்துச் சில கருத்துகள்

போதைக்கு எதிரான கூட்டம் நமது ஊர்களில் எங்கு நடந்தாலும் ஒரு வரலாற்றுச் சம்பவம் தவறாமல் நினைவூட்டப்படும். மது முற்றாக விலக்கப்பட்டது என்ற அறிவிப்பு மதீனாவின் தெருவில் கேட்டதும் ஸஹாபாக்கள் இருந்ததையெல்லாம் கவிழ்த்து ஊற்றினார்கள், சாடிகளை உடைத்தார்கள், தெருவில் மது ஓடியது. ஸஹீஹான கிரந்தங்களில் பதிவான சம்பவம் இது. அதில் எவருக்கும் பேச்சில்லை. ஆனால் சம்பவத்தைச் சொல்லி முடித்த கையோடு நாம் சொந்தமாக ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள்கிறோம்: "ஈமான் இருந்தா ஒரே நாளில விடலாம். விடல்லையெண்டா ஈமான்ல கோளாறு." இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

மதீனாவின் அனுபவத்தை நவீன உளவியலின் மொழியில் எடுத்துப் பேசியவர்களில் முதன்மையானவர் சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி (1932–2021). இஸ்லாமும் மதுவடிமையும் என்ற பொருளில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூல் 1976 இல் வெளிவந்தது. முஸ்லிம் உளவியலாளர்கள் அகப்பட்டுள்ள இக்கட்டைப் பற்றி 1979 இல் அவர் வெளியிட்ட நூல் வழியாகவே நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். முந்தைய நூல் அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆனால் அதன் மையக் கருத்து நமது மிம்பர்களில் நன்றாகவே உலாவுகிறது. அதனால் நூலைத் திரும்ப எடுத்து வாசிப்பது அவசியம் என்று எனக்குப் பட்டது.

நூலின் பலம் ஒப்பீட்டில் இருக்கிறது. அமெரிக்கா 1920 இல் நாடு முழுவதற்கும் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. பொலிஸ், நீதிமன்றம், சிறைச்சாலை எல்லாம் கையில் இருந்தும் 1933 இல் அந்தச் சட்டத்தைக் கைவிட நேர்ந்தது. பொலிஸே இல்லாத மதீனாவில் விலக்கல் எப்படி நிலைத்தது? பத்ரியின் விடை, சட்டத்துக்கு முன்னரே அங்கு ஒரு புதிய மனிதக் கூட்டம் உருவாகியிருந்தது என்பதுதான். விலக்கலும் ஒரே நாளில் இறங்கவில்லை. பாவம் பயனைவிடப் பெரிது என்று முதலில் சொல்லப்பட்டது; மயக்க நிலையில் தொழுகையை நெருங்க வேண்டாம் என்று அடுத்து வந்தது; முழுத் தடை அதற்குப் பிறகே வந்தது. ஐந்து வக்துக்கும் நடுவில் மயக்கம் தெளிய நேரம் போதாது, ஆகவே குடிக்கும் நேரம் தானாகச் சுருங்கியிருக்கும் என்று இந்தப் படிமுறையை விளக்குவோர் சொல்வார்கள். கவிழ்ந்த சாடிக்குப் பின்னால் பல ஆண்டுகளின் தயாரிப்பு இருந்தது. 'ஒரே நாளில' என்ற நமது பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆனால் பத்ரி கேட்ட கேள்வி, ஒரு சமூகம் மதுவை எப்படி விட்டது என்பது. ஒரு தனி மனிதன் விட்டுவிட்டு மறுபடி ஏன் தொடுகிறான் என்பது வேறு கேள்வி. முதலாவதற்கான விடையை இரண்டாவதன் மேல் போட்டுத்தான் நாம் சறுக்குகிறோம். இதற்காக 1976 இன் நூலைக் குறைசொல்வது நியாயமாகாது. மனவடு என்று வடக்குக் கிழக்கில் இன்று பழகிப்போன சொல்லால் குறிக்கப்படும் நோய்க்கு அன்று தனிப்பெயர் கூட இல்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூலில் அது இடம்பெற்றதே 1980 இல், வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர்களின் நிலையை முன்வைத்து நடந்த வாதங்களுக்குப் பிறகுதான். குறை, அரை நூற்றாண்டு கழித்தும் அதே இடத்தில் நின்று பேசுகின்ற நம்மில் இருக்கிறது.

மனவடு என்பது வெறும் கவலை அன்று. நடந்து முடிந்தது நடந்து முடிந்ததாக உடம்புக்கு விளங்காத நிலை அது. பட்டாசு வெடித்தால் உடம்பு குண்டென்று எடுத்துக்கொள்ளும். கண்ணை மூடினால் காட்சி வரும். அந்த இடம், அந்த மணம், அந்த நேரம் எல்லாவற்றையும் ஆள் தவிர்த்துத் திரிவார். வீட்டாரோடு ஒட்டமாட்டார், சின்ன விசயத்துக்கும் பாய்வார். இந்த எச்சரிக்கை மணியைக் கொஞ்ச நேரத்துக்கு நிறுத்திவைக்கும் வேலையை மதுவும் ஹெரோயினும் நித்திரைக் குளிசையும் நன்றாகவே செய்கின்றன. ஆள் ஒரு போதையைத் தேர்வதில் அவருடைய வேதனையின் சாயல் இருக்கிறது என்று எட்வர்ட் கான்ட்சியன் என்ற அமெரிக்க உளமருத்துவர் 1985 இல் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். தனக்குத் தானே மருந்து கொடுத்துக்கொள்ளல் என்று அவர் கருத்தைச் சுருக்கலாம்.

மருந்து கடனுக்கு வாங்கிய மருந்துதான். மது கனவு காணும் நித்திரையைக் குலைக்கும். அதை நிறுத்தும்போது அடக்கிவைத்த கனவுகள் இன்னும் கடுமையாகத் திரும்பும். ஹெரோயினை நிறுத்தியவருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் வியர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை உச்சத்துக்கு வரும். மனவடு உள்ளவருக்கு இவை புதிய அடையாளங்கள் அல்ல. ஆபத்து வந்த அன்று உடம்பு இருந்தது போலவே இப்போதும் இருக்கிறது. அவர் ஓடிப்போய் மறுபடி தூளைத் தொடுவது இன்பத்தைத் தேடி என்று வெளியில் நிற்பவர் நினைக்கிறார். உள்ளே இருப்பவருக்கு அது தப்பி ஓடுவதற்கான கதவு.

இனி நமது தெருவுக்கு வருவோம். 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். நூற்றுக்கு மேல் ஷஹீதானார்கள். ஒரு வாரம் கழித்து ஏறாவூர். அதே வருடம் ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். பிறகு புத்தளத்து முகாம்கள். 2004 டிசம்பரில் கடல் வந்து மருதமுனையையும் சாய்ந்தமருதையும் மாளிகைக்காட்டையும் வாரிக்கொண்டு போனது. 2018 இல் திகன. 2019 ஏப்ரலுக்குப் பின் வீடு வீடாகச் சோதனை. அதற்கடுத்து ஜனாஸாவை எரித்த நாட்கள். 1990 இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இலும் 2014 இலும் வெளியிட்ட நூல்கள் இலங்கையில் போர் தனி மனதை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியதை விரிவாகக் காட்டின. அந்த வெளிச்சத்தில் நமது ஊர்களின் போதைப் பாவனையை வாசிக்கும் வேலை இன்னும் ஆரம்பிக்கப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை தேவை. மனவடு உள்ளவரெல்லாம் போதைக்குப் போவதில்லை. போதைக்குப் போனவரெல்லாம் மனவடு உள்ளவரும் இல்லை. பத்தொன்பது வயதில் ஐஸ் பாவிக்கும் பொடியனுக்கு 1990 பாடப்புத்தகத்தில் கூட இல்லாத வருடம். கூட்டாளிமார், கையில் காசு, வேலையின்மை, சந்தியில் இலகுவாகக் கிடைப்பது என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் அவனை வளர்த்த வாப்பா அந்த வருடத்தில் இருந்தவராக இருக்கலாம். பேசாத, சிரிக்காத, திடீரென்று கை நீட்டுகிற ஒரு வாப்பாவோடு வளர்ந்த பிள்ளைக்கு வீடே முதற் காயமாக இருந்திருக்கலாம். கேட்டுப் பார்க்காமல் இதில் எதையும் தீர்மானிக்க முடியாது. கேட்பதில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

இன்னொன்றும் நமது சமூகத்துக்கே உரியது. சாராயத்துக்கு மணம் உண்டு, தெருவில் தெரிந்துவிடும், ஹராம் என்று குழந்தைக்கும் தெரியும். குளிசைக்கு மணமில்லை. வைத்தியர் எழுதித் தந்த துண்டோடு தொடங்கியது, துண்டு இல்லாமல் தொடரும். "ராவையில கண்ண மூடினா எல்லாம் வருகுது. அரைக் குளிசையப் போட்டாத்தான் ஒரு கண் நித்திர" என்று சொல்பவரை நாம் போதைப் பாவனையாளர் என்று எண்ணுவதில்லை, அவரும் தன்னை அப்படி எண்ணுவதில்லை. பெண்கள் விசயத்தில் இது இன்னும் மறைவு. நமது போதை எதிர்ப்புப் பிரசுரங்களில் வரும் படம் எப்போதும் சந்தியில் நிற்கும் வாலிபனின் படம். அரைக் குளிசையை நாலாக்கிய உம்மாமார் அந்தப் படத்தில் இல்லை.

இலக்கியத்திலும் இதே பிரிவினை. வெளியேற்றத்தையும் படுகொலையையும் பற்றி நம்மிடம் கவிதையும் கதையும் நிறையவே இருக்கின்றன. போதையால் சீரழிந்த வாலிபனைப் பற்றிய கதைகளும் இருக்கின்றன. நான் வாசித்த அளவில் இரண்டும் இரண்டு தட்டில் கிடக்கின்றன. முதல் வகைக் கதை அகதி முகாமோடு முடிந்துவிடும். ஆள் பிறகு எப்படி நித்திரை கொண்டார் என்று அது கேட்காது. இரண்டாம் வகைக் கதை கெட்ட சகவாசத்தில் ஆரம்பித்து மௌத்திலோ தௌபாவிலோ முடியும். பாத்திரத்துக்கு ஒரு கடந்த காலம் இருக்காது. உபதேசத்துக்கு வசதியான பாத்திரம்தான். ஆனால் அப்படி ஒரு ஆளை நாம் எவரும் நேரில் கண்டதில்லை.

சிகிச்சை பற்றிய பேச்சிலும் காயமும் போதையும் பிரிந்தே நிற்கின்றன. "முதல்ல அதை விட்டுட்டு வா, பிறகு மனசைப் பாப்பம்" என்பது நீண்ட காலம் வைத்தியர்களின் வழக்கமான நிலைப்பாடாகவும் இருந்தது. பழைய காயத்தைத் தொட்டால் ஆள் இன்னும் கூடுதலாகப் பாவிப்பார் என்ற பயம் அதற்குக் காரணம். அந்தப் பயத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் முக்கியமானது அவுஸ்திரேலியாவில் கேத்தரின் மில்ஸ் குழுவினர் 103 பேரை வைத்துச் செய்து 2012 இல் வெளியிட்டது. போதைக்கான உதவியோடு, நடந்ததை வைத்தியரின் துணையுடன் படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சையும் ஒரு பகுதியினருக்குச் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அவர்களின் மனவடு மற்றவர்களை விடக் கூடுதலாகக் குறைந்தது. போதைப் பாவனையில் இரு பகுதியினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காயத்தைத் தொட்டால் போதை கூடும் என்ற பயம் அங்கு மெய்ப்படவில்லை.

இன்னொரு வழி அமெரிக்க உளவியலாளர் லிஸா நஜாவிட்ஸ் 2002 இல் நூலாக வெளியிட்ட 'பாதுகாப்பைத் தேடல்' என்ற முறை. நடந்ததை விவரிக்கச் சொல்லி எவரையும் அது வற்புறுத்தாது. இன்றைய நாளைப் பாதுகாப்பாகக் கடப்பது எப்படி என்பதையே 25 தலைப்புகளில் பழக்குகிறது. காட்சி வந்து மோதும்போது காலை நிலத்தில் ஊன்றி, கண்முன் உள்ள பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணி, முகத்தில் குளிர்ந்த நீர் பட வைத்து இந்த நிமிடத்துக்குத் திரும்பி வருவது அதில் ஒரு பயிற்சி. உளூ செய்து பழகியவருக்கு இது அந்நியமாகப் படாது. உளூவுக்கு இது விளக்கமும் அன்று. வணக்கத்தை வைத்தியமாகச் சுருக்கும் எழுத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த முறையையும் மிகைப்படுத்தத் தேவையில்லை. 353 பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்யப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வில், அதைப் பின்பற்றிய குழுவும் பொதுவான சுகாதாரக் கல்வி பெற்ற குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்கே தேறின. கூடி அமர்ந்து மரியாதையோடு பேசக் கிடைத்ததே பாதி வேலையைச் செய்திருக்கலாம் என்பது என் வாசிப்பு.

நாட்டின் வழி வேறாகப் போகிறது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் போதையில் தங்கியிருப்பவரைக் கட்டாயப்படுத்திப் புனர்வாழ்வுக்கு அனுப்ப இடமளிக்கிறது. 2023 இல் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் வந்தது. அதே வருடம் டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரில் நாடு முழுவதும் சுற்றிவளைப்பு நடந்தது. சிறையும் முகாமும் போன்ற கட்டாயத் தடுப்பு மையங்களை மூடிவிட்டு, விருப்பத்தின் பேரிலான, ஊர் மட்டத்துச் சிகிச்சைக்கு மாறும்படி ஐக்கிய நாடுகளின் பன்னிரண்டு அமைப்புகள் 2012 இலேயே கூட்டாகக் கேட்டிருந்தன. விசில் ஊதி எழுப்பி, வரிசையில் நிறுத்தி, அதட்டி வேலை வாங்கும் ஒழுங்கு மனவடு உள்ளவருக்கு என்ன செய்யும் என்று யோசிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. அவர் பயந்தது எதுவோ அதையே ஒழுங்கு என்ற பெயரில் மறுபடி காண்கிறார்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விசயங்களை இங்கே சொல்லியாக வேண்டும். சில மாதம் பாவிக்காமல் இருந்து வெளியே வருபவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வந்த முதல் கிழமையில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அடுத்தது, கடுமையாகக் குடித்தவரையும் நித்திரைக் குளிசையை நீண்ட நாள் பாவித்தவரையும் அறையில் பூட்டித் திடீரென்று நிறுத்தவைப்பது ஆபத்து. வலிப்பு வந்து மௌத்தாகவும் கூடும். "றூமுல போட்டுப் பூட்டினா மூணு நாளில சரி" என்று யோசனை சொல்பவர்கள் இதை அறிந்து வைத்திருக்க வேண்டும். படிப்படியாகக் குறைப்பதற்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கொடை என்ற பெயரை நாம் ஏச்சாகப் பாவித்ததால் நமது ஆட்கள் அந்தப் பக்கம் போகவே கூச்சப்படுகிறார்கள்.

திரும்பவும் மதீனாவுக்கு வருகிறேன். சாடி உடைந்த சம்பவத்தைச் சொல்லும் நாம், ஸஹீஹுல் புகாரியில் உள்ள வேறொரு சம்பவத்தைச் சொல்வது குறைவு. அப்துல்லாஹ் என்ற பெயருடைய ஒருவர். நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர். மறுபடியும் அதே குற்றத்துக்காகக் கொண்டுவரப்பட்டார். மறுபடியும் தண்டனை கிடைத்தது. எத்தனை தடவைதான் இவரைக் கொண்டு வருவது என்று சலித்துக் கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தார். நபியவர்கள் சபிப்பதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று தாமே சாட்சி சொன்னார்கள். இத்தகைய இன்னொரு சந்தர்ப்பத்தில், உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவியாக இருக்க வேண்டாம் என்ற கருத்தில் பேசினார்கள்.

அப்படியென்றால் மதீனாவிலும் ஒரே நாளில் விட முடியாத ஒருவர் இருந்தார். சட்டம் அவர் விசயத்தில் தளரவில்லை. ஆனால் அவருடைய ஈமானுக்கு எதிராகத் தீர்ப்பெழுத எவருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. சமூகத்திலிருந்து அவர் தள்ளிவைக்கப்படவும் இல்லை. நமது கடைசி வாக்கியத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை.

பத்ரியின் வாதம் முழுமையடைவதும் இங்கேதான் என்று கருதுகிறேன். சமூகம் மாறினால் ஆளும் மாறலாம் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களை லீ ரொபின்ஸ் ஆராய்ந்தபோது, நாடு திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் அவர்களில் சுமார் 5 வீதத்தினர்தான் என்று கண்டார். இடமும் சூழலும் சகவாசமும் மாறியது பெரிய காரணமாகக் கொள்ளப்பட்டது. நமது பிள்ளை முகாமிலிருந்து திரும்புவது அதே சந்திக்கு, அதே கூட்டாளிமாரிடம், அதே பேசாத வீட்டுக்கு. மதீனாவின் கூட்டத்தை உருவாக்காமல் மதீனாவின் முடிவை மட்டும் அவனிடம் எதிர்பார்க்கிறோம்.

பத்ரி தம் கடைசிக் காலத்தில் செய்த பெரிய வேலை, பத்தாம் நூற்றாண்டு அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ (850–934) உடலுக்கும் ஆன்மாவுக்குமான நலன்கள் பற்றி எழுதிய கிரந்தத்தின் ஆன்மப் பகுதியை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது. 2013 இல் வெளியானது. உடல் நோய் மனதையும் மன நோய் உடலையும் தாக்கும், ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறார் பல்கீ. பயத்தையும் கோபத்தையும் துக்கத்தையும் அவர் தனித்தனியாக ஆராய்கிறார். மருந்தை முன்கூட்டியே வீட்டில் சேமித்து வைப்பதைப் போல, மனம் நலமாக இருக்கும்போதே ஆறுதலான எண்ணங்களைச் சேமித்து வை என்கிறார். பயந்தவனை ஈமான் குறைந்தவன் என்று ஒதுக்காமல் நோயாளியாக மதித்த ஒரு மரபு நமக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறது. 1976 இன் நூலில் காணாத பக்கத்தை அதே ஆசிரியரின் 2013 மொழிபெயர்ப்பு நிரப்புகிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் பத்ரியை நாம் முழுமையாக வாசித்தவர்களாவோம்.

இதிலிருந்து ஊர் ஜமாஅத்துகள் செய்யக்கூடியது சிறியதும் உண்டு, பெரியதும் உண்டு. விற்பவனையும் பாவிப்பவனையும் ஒரே தராசில் நிறுத்தும் தீர்மானங்களை மீள்பரிசீலனை செய்யலாம். பாவிப்பவனின் நிக்காஹ், ஜனாஸா விசயத்தில் ஊர் கைவிரித்துவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது விற்பவனின் கூட்டம் மட்டுமே. 1989 இல் அமெரிக்காவின் பல்டிமோர் நகரில் முஸ்லிம்கள் சிலர் மில்லத்தி இஸ்லாமி என்ற பெயரில், போதையிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகும் வட்டத்தை ஆரம்பித்தார்கள். பள்ளிவாசலின் ஒரு அறையும் கிழமைக்கு ஒரு நாளும் கிடைத்தால் நமது ஊர்களிலும் அது முடியாத காரியமில்லை. ஓதிப் பார்க்க வருபவர்களிடம் நித்திரையைப் பற்றியும் கனவைப் பற்றியும் நாலு கேள்வி கேட்டு, தேவையானவரை உளமருத்துவரிடம் அனுப்பும் பழக்கத்தை நமது மௌலவிமாருக்குப் பழக்கலாம். ஓதலும் மருந்தும் ஒன்றையொன்று தள்ளாது.

முதலில் மாற வேண்டியது நாம் கேட்கும் கேள்வி. "இன்னும் விடல்லையா?" என்று கேட்டால் பதில் பொய்யாகத்தான் வரும். "ராவைக்கு நித்திர வருகுதா, மனே? என்ன கனவு வருகுது?" என்று கேட்டால் பதில் உடனே வராமலும் போகலாம். ஆனால் அவன் நாளைக்கும் நம்மிடம் வருவான்.